என் முறை வரும்போது

"என்ன சொல்லி மிரட்டுகிறாய்? அப்படியே பேசிக் காட்டு, பார்ப்போம்."

கேட்டவர் கேம் மாஸ்டர், நாங்கள் கதை சொல்லி ஆடிக்கொண்டிருந்த ஆட்டத்தை நடத்துகிறவர். மேசையைச் சுற்றி ஐந்து பேர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்தக் கதையில் நான் ஒரு கூலிப்படைத் தலைவி. பெயரைக் கேட்டாலே காவலாளிகள் ஒதுங்கி நிற்பார்கள். நிஜத்தில் எனக்குச் சட்டென்று பேச வராது. சொல்ல வேண்டியது மனதுக்குள் தயாராக இருக்கும், அது வாய்க்கு வந்து சேர்வதற்குள் பேச்சு வேறு பக்கம் போயிருக்கும். அன்றும் இரண்டு முறை வாயைத் திறந்து மூடினேன். கடைசியில், "அவனை மிரட்டுகிறேன்" என்று மட்டும் சொன்னேன். "சரி, அவன் பயந்த மாதிரி தெரியவில்லை" என்றார் அவர். அடுத்த நாற்காலியில் இருந்தவர் நாலு வரி அழகாகப் பேசினார். காவலாளி கதவைத் திறந்துவிட்டான்.

அந்த ஆட்டத்தின் விதிகள் ஒரே தாளில் அடங்கும். அந்த வகை ஆட்டங்களை நான் குறை சொல்ல வரவில்லை. பேச்சும் கற்பனையும் பெருக்கெடுக்கிறவர்கள் ஆடும்போது அவை அற்புதமாக இருக்கும். அந்த மேசையில் நான் கேட்ட சில கதைகள் இன்றும் நினைவில் நிற்கின்றன. ஆனால் அங்கே நான் பெரும்பாலும் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். தாளில் எழுதாத விதி ஒன்று அந்த மேசையில் ஓடிக்கொண்டிருந்தது: நன்றாகப் பேசுகிறவருடைய கேரக்டர்தான் நன்றாக மிரட்டும், நன்றாகக் கெஞ்சும், நன்றாகப் பொய் சொல்லும்.

சில மாதங்கள் கழித்து வேறொரு குழுவில் இடம் கிடைத்தது. அவர்கள் ஆடியது பாத்ஃபைண்டர் இரண்டாம் பதிப்பு. அப்போது அதன் அடிப்படை ரூல்புக்கே 640 பக்கம். அதைக் கையில் வாங்கியபோது, ஒரு தாள் ஆட்டத்திலேயே திணறிய நான் இதில் எங்கே பிழைக்கப் போகிறேன் என்று பயமாக இருந்தது. நடந்தது வேறு. அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

இந்த ஆட்டங்களைப் பற்றித் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நாலைந்து பேர் கூடி, ஆளுக்கொரு கேரக்டரை ஏற்று, கதை சொல்லிக்கொண்டே ஆடுவது ரோல்பிளேயிங் கேம். ஒருவர் மட்டும் கேம் மாஸ்டர், சுருக்கமாக ஜிஎம். உலகம், எதிரிகள், வழிப்போக்கர்கள் எல்லாம் அவர் பொறுப்பு. என்ன ஆகும் என்று தெரியாத இடத்தில் இருபது முகப் பகடை உருளும். விழுந்த எண்ணோடு உங்கள் திறமைக்கான எண்ணைக் கூட்டி, எட்ட வேண்டிய எண்ணை எட்டினால் காரியம் நடக்கும். பாத்ஃபைண்டரில் இன்னும் ஒரு படி உண்டு. எட்ட வேண்டியதைவிடப் பத்து அதிகமாக எட்டினால் அது கிரிட்டிக்கல், பலன் பெரிது. பத்து குறைந்துபோனால் தோல்வியும் பெரிது.

சண்டை தொடங்கிவிட்டால் வரிசை உண்டு. உங்கள் முறை வரும்போது உங்களுக்கு மூன்று செயல்கள். நடப்பது ஒரு செயல், ஆயுதத்தை வீசுவது ஒன்று, கேடயத்தை உயர்த்துவது ஒன்று, மந்திரங்களில் பெரும்பாலானவற்றுக்கு இரண்டு. முதல் வீச்சு சாதாரணம். அதே முறையில் இரண்டாவது வீச்சுக்கு 5 குறையும், மூன்றாவதற்கு 10 குறையும். அதனால் மூன்று செயலையும் வெட்டுவதிலேயே செலவழிப்பது பெரும்பாலும் வீண். மூன்றாவது செயலுக்கு வேறு வேலை தேட வேண்டியிருக்கும். இந்த ஆட்டத்தின் உயிர் அந்த மூன்றாவது செயலில்தான் இருக்கிறது என்பேன்.

எனக்கு முதலில் பிடித்துப்போனது, முறை என்ற அந்த ஏற்பாடுதான். என் முறை வந்தால் அது என்னுடையது. யாரையும் இடைமறித்துப் பேச வேண்டியதில்லை, குரலை உயர்த்த வேண்டியதில்லை. எல்லாரும் காத்திருப்பார்கள். மற்றவர்களின் முறை நடக்கும்போதே நான் யோசித்து வைத்துக்கொள்ளலாம். மெதுவாக யோசிக்கிறவர்களுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்பது மெதுவாக யோசிக்கிறவர்களுக்குத்தான் தெரியும்.

அப்புறம், அந்தப் புத்தகத்தில் டீமாரலைஸ் என்று ஒரு செயல் இருந்தது. எதிரியை மிரட்டி அவன் மன உறுதியைக் குலைப்பது. ஒரு செயல் போதும். எதிரி 30 அடிக்குள் இருக்க வேண்டும். உங்கள் மிரட்டல் திறமையை வைத்துப் பகடை உருட்டி, அவனுடைய மன உறுதிக்கான எண்ணை எட்டினால் அவனுக்கு 'பயம் 1' என்ற நிலை வரும்; கிரிட்டிக்கல் ஆனால் பயம் 2. உங்கள் மொழி அவனுக்குப் புரியாவிட்டால் உங்களுக்கு 4 குறையும். ஒரு முறை மிரட்டிய ஆளைப் பத்து நிமிடத்துக்கு மறுபடியும் மிரட்ட முடியாது. இவ்வளவுதான் விதி. என்ன வசனம் பேசினீர்கள், அதை எவ்வளவு நன்றாகப் பேசினீர்கள் என்று எந்த வரியும் கேட்கவில்லை.

அந்தப் பத்தியை நான் இரண்டு மூன்று முறை படித்தேன். வாள் வீசத் தெரியாத ஒருவர் வாள்வீரனாக ஆடலாம். யாரும் அவரை எழுந்து நின்று வீசிக் காட்டச் சொல்வதில்லை. பேசத் தெரியாத ஒருவர் மட்டும் ஏன் பேசிக் காட்ட வேண்டும்? என் மனதில் பல நாளாகக் கிடந்த அந்தக் கேள்விக்கு 640 பக்கப் புத்தகம் அரைப் பத்தியில் பதில் சொல்லியிருந்தது.

என் கேரக்டர் ஒரு ட்வார்ஃப், மலைகளில் வாழும் குள்ள இனத்தவன். தொழில் ரோக். கத்தி, பூட்டு, இருட்டு என்று வாழ்கிறவன். கேரக்டர் ஷீட்டை நிரப்பும்போது கூடுதலாக ஒரு மொழியைத் தேர்ந்தெடுக்கலாம் என்று இருந்தது. ட்வார்ஃபுகளுக்கான பட்டியலில் ராட்சத இனங்கள் பேசும் யோட்டன் மொழி இருந்தது. மலைகளில் ராட்சதர்களோடு பல தலைமுறையாகச் சண்டை போட்ட குடும்பத்தில் ஒருவனுக்கு எதிரியின் மொழி தெரிந்திருக்கும் என்று எனக்குத் தோன்றியது. எழுதினேன். மூன்று மாதம் அந்தச் சொல் ஷீட்டின் ஓரத்தில் சும்மா கிடந்தது.

நாங்கள் இரண்டாவது லெவலில் இருந்தபோது ஒரு குகையில் ட்ரோல் என்ற ராட்சத உயிர் ஒன்றிடம் மாட்டிக்கொண்டோம். ட்ரோல் ஐந்தாவது லெவல் எதிரி. எதிரி எவ்வளவு கடினமானவன் என்று அளப்பதற்கு ஜிஎம்முக்கு ஒரு கணக்கு உண்டு. நாலு பேர் கொண்ட குழுவுக்கு 80 புள்ளி என்றால் நடுத்தரச் சண்டை, 120 என்றால் கடுமை, 160 என்றால் உயிர் பிழைப்பதே சந்தேகம். குழுவைவிட மூன்று லெவல் அதிகமுள்ள ஒற்றை எதிரி சரியாக 120. அது எங்களுக்கு அப்போது தெரியாது. முதல் சுற்றிலேயே எங்கள் வாள்வீரனின் உயிர்ப்புள்ளி பாதிக்கு மேல் போனபோது ஓரளவு புரிந்தது.

ட்ரோலின் காயங்கள் அதன் ஒவ்வொரு முறையிலும் 20 புள்ளி தானாக ஆறிவிடும். நெருப்போ அமிலமோ பட்டால்தான் ஆறுவது நிற்கும். எங்கள் மந்திரவாதி அது தெரிந்ததும் சுற்றுக்கு ஒரு தீப்பந்தாக எறிந்துகொண்டிருந்தார். ஆனால் ஆறாமல் நிறுத்தினால் மட்டும் போதாது, அதன் 115 உயிர்ப்புள்ளியையும் இறக்கியாக வேண்டும். வாள்வீரனுக்குத் தாக்குதல் எண் 10. ட்ரோலின் கவச எண் 20. அதாவது பகடையில் 10 விழ வேண்டும்.

இங்கே கொஞ்சம் கணக்கு. பொறுத்துக்கொள்ளுங்கள், இந்த ஆட்டத்தின் அழகு இதற்குள்தான் இருக்கிறது. 10 விழ வேண்டும் என்றால், 1 முதல் 9 வரை வீண். 10 முதல் 19 வரை அடி. 20 விழுந்தால் கிரிட்டிக்கல், அதாவது இரட்டை அடி. இருபது முகங்களும் ஒவ்வொரு முறை விழுந்ததாக வைத்துக்கொண்டால் பத்து அடியும் ஓர் இரட்டை அடியும், மொத்தம் 12. இப்போது யாரோ ஒருவர் வாள்வீரனுக்கு 1 கூட்டிக் கொடுக்கிறார். 9 விழுந்தால் போதும். 9 முதல் 18 வரை அடி. 19, 20 இரண்டுமே இரட்டை அடி. மொத்தம் 14. ஒன்றே ஒன்று கூட்டியதற்கு, அடியின் சராசரி ஆறில் ஒரு பங்கு ஏறிவிட்டது. நாலு கூட்டினால்? 6 முதல் 15 வரை அடி, 16 முதல் 20 வரை இரட்டை அடி. மொத்தம் 20. வாளும் அதேதான், கையும் அதேதான்.

அந்த நாலை எங்கிருந்து கொண்டுவருவது? விதிப்படி ஒரே வகைக் கூட்டல்களை அடுக்கிக்கொண்டே போக முடியாது. வகை வேறாக இருக்க வேண்டும். ஆகவே ஒரே ஆள் எல்லாவற்றையும் செய்ய வழியில்லை. ஒவ்வொருவரும் தன்னால் முடிந்த ஒரு வகையைக் கொண்டுவர வேண்டும்.

மூன்றாவது சுற்று. என் முறை. முதல் செயலில் நடந்து ட்ரோலுக்கு அந்தப் பக்கம் போனேன். வாள்வீரன் இந்தப் பக்கம், நான் அந்தப் பக்கம். இப்படி எதிரெதிரே இருவர் நின்றால் நடுவில் இருப்பவனின் கவச எண்ணில் 2 குறையும். இரண்டாவது செயலுக்கு ஷீட்டைப் பார்த்தேன். யோட்டன்.

"ட்ரோல் என்ன மொழி பேசும்?" என்று கேட்டேன்.

ஜிஎம் புத்தகத்தைப் புரட்டினார். நிமிர்ந்து பார்த்தபோது அவர் முகத்தில் வந்த சந்தோஷத்தை நான் மறக்கவே மாட்டேன். "யோட்டன்" என்றார்.

உருட்டினேன். 12 விழுந்தது. என் மிரட்டல் எண் 8. மொத்தம் 20. "பயந்துவிட்டது" என்றார். நாலு குறைந்திருந்தால் தவறியிருக்கும் என்று பிறகு சொன்னார்.

அப்புறம்தான் கேட்டார்: "என்ன சொன்னாய் அதனிடம்?"

அதே கேள்விதான். ஆனால் இப்போது அது பரீட்சை இல்லை. மிரட்டல் ஏற்கெனவே பலித்துவிட்டது. நான் நன்றாகச் சொன்னாலும் சொதப்பினாலும் ட்ரோல் பயந்தது பயந்ததுதான். யாரும் மதிப்பெண் போடவில்லை என்று தெரிந்ததும் வாய் தானாகத் திறந்தது. "எங்களிடம் நெருப்பு இருக்கிறது" என்றேன். மேசையில் ஒரு நொடி யாரும் பேசவில்லை. மந்திரவாதியாக ஆடியவர் மெதுவாகக் கையை உயர்த்தி, உள்ளங்கையில் தீ இருப்பதுபோல் விரல்களை விரித்துக் காட்டினார்.

அடுத்து எங்கள் பார்ட். தமிழில் பாணன் என்றே சொல்லலாம், சொல் அவ்வளவு பொருந்துகிறது. ஆடியவள் என் தோழி. கதையில் அவள் ஒரு பாடினி. ஒரு செயலில் வீரப்பாட்டு ஒன்றை எடுத்துவிட்டாள். 60 அடிக்குள் இருக்கும் தோழர்கள் எல்லாருடைய தாக்குதலுக்கும் 1 கூடியது. பிறகு வாள்வீரன். பகடையில் 16. தாக்குதல் எண் 10, பாட்டுக்கு 1, ஆக 27. ட்ரோலின் கவச எண் 20. எதிரெதிரே நின்றதற்கு 2 போக, பயத்துக்கு 1 போக, 17. பதினேழோடு பத்து, இருபத்தேழு. கிரிட்டிக்கல். அந்த மூன்றில் எது ஒன்று இல்லாவிட்டாலும் அது வெறும் அடியாகத்தான் இருந்திருக்கும்.

வாள்வீரனாக ஆடியவர் வாளின் பாய்ச்சலை விவரிக்கவில்லை. எங்கள் மூவரையும் ஒவ்வொருவராகக் கை நீட்டிக் காட்டினார். "உன் ஒன்று, உன் ஒன்று, நாம் நின்ற இடத்துக்கு இரண்டு" என்றார்.

ட்ரோலைச் சாய்க்க இன்னும் நாலு சுற்று ஆனது. மொத்தச் சண்டைக்கு இரண்டரை மணி நேரம். எனக்கு அது நீளமாகவே தெரியவில்லை.

விதி அதிகமாக இருந்தால் கற்பனை சுருங்கிவிடும் என்று சொல்கிறவர்கள் உண்டு. இந்த வாதம் இந்த ஆட்டங்களைவிட மிகப் பழையது. 1824-ல் பிரஷ்யாவில் ரைஸ்விட்ஸ் என்ற ராணுவ அதிகாரி, தன் தந்தை தொடங்கி வைத்த போர் விளையாட்டுக்கு விரிவான விதிகளை வெளியிட்டார். வரைபடம், படைக்கட்டைகள், பகடை, சேதத்துக்கான அட்டவணைகள், நடுவில் ஒரு நடுவர். அதிகாரிகள் அதை வைத்துப் போர்ப் பயிற்சி செய்தார்கள். அரை நூற்றாண்டு கழித்து, 1876-ல், வெர்டி டு வெர்னுவா என்ற இன்னொரு பிரஷ்ய அதிகாரி, அட்டவணைகளைத் தூக்கி வைத்துவிட்டு அனுபவமுள்ள நடுவரின் தீர்ப்பையே நம்பலாம் என்று எழுதினார். இன்று நாம் ஒரு தாள் ஆட்டம், 640 பக்க ஆட்டம் என்று பேசிக்கொள்வது அதே சண்டைதான். 1974-ல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் சேர்ந்து வெளியிட்ட டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற ரோல்பிளேயிங் கேம் மூன்று சின்னக் கையேடுகளாகத்தான் வந்தது, முதல் அச்சு 1,000 பிரதி. அதுவும் போர் விளையாட்டிலிருந்து கிளைத்ததுதான். அதன் மூன்றாவது பதிப்பு 2000-ல் திறந்த உரிமத்தோடு வந்ததால்தான், பின்னாளில் 2009-ல், வேறொரு நிறுவனமான பைசோ அதே அடித்தளத்தில் பாத்ஃபைண்டரைக் கட்ட முடிந்தது. நான் ஆடும் இரண்டாம் பதிப்பு 2019-ல் வந்தது.

வெர்டி டு வெர்னுவா சொன்னதில் நியாயம் இருக்கிறது. நல்ல நடுவர் கிடைத்தால் அட்டவணையைவிட அவர் மேல். ஆனால் நடுவர் நல்லவராக இருந்தாலும் மனிதர். அவருக்குப் பிடித்த குரல், பிடித்த வகைப் பேச்சு என்று ஒன்று இருக்கும். அது அவருக்கே தெரியாது. என்னைப் பேசிக் காட்டச் சொன்ன அந்த முதல் ஜிஎம் கெட்டவர் இல்லை, எனக்கு உதவி செய்வதாகத்தான் நினைத்தார். எழுதி வைத்த விதி ஆளைப் பார்ப்பதில்லை. அதுவே அதன் குறை என்று சிலருக்குத் தோன்றலாம். எனக்கு அது பெரிய மரியாதையாக இருந்தது.

இந்தச் சுமையை எல்லாராலும் சுமக்க முடியும் என்று நான் சொல்லமாட்டேன். எங்கள் குழுவில் ஒருவர் நாலாவது அமர்வோடு விடைபெற்றுப் போனார். கதைக்காக வந்தேன், கணக்குக்காக இல்லை என்றார். அவர் சொன்னதில் தவறே இல்லை. புதிதாக வருகிறவர்களுக்கு முதல் இரண்டு மூன்று அமர்வுகள் புரியாமலேயே கழியும். எல்லாவற்றையும் ஜிஎம்மே தெரிந்து வைத்திருக்க வேண்டும் என்று விட்டால் அவர் களைத்துப்போவார். நாங்கள் புத்தகத்தைப் பிரித்துக்கொண்டோம். மந்திரங்கள் தொடர்பான எல்லாம் மந்திரவாதிக்கு. மல்யுத்தம், தள்ளிவிடுவது, தடுக்கி விழச் செய்வது எல்லாம் வாள்வீரனுக்கு. மறைந்திருப்பதும் வைத்தியமும் எனக்கு. யாருக்கு எது சொந்தமோ அதை அவர் அச்சுப் பிசகாமல் தெரிந்து வைத்திருக்க வேண்டும். விதிகள் முழுவதும் ஆர்கைவ்ஸ் ஆஃப் நெத்திஸ் தளத்தில் இலவசமாகவே இருப்பதால் ஆட்டம் இல்லாத நாளிலும் படிக்க முடிந்தது. ஆட்டத்தின் நடுவே சந்தேகம் வந்தால் இரண்டு நிமிடம் தேடுவோம். கிடைக்காவிட்டால் ஜிஎம் சொல்வதை ஏற்றுக்கொண்டு போய்விடுவோம், அமர்வு முடிந்த பிறகு சரியான விதியைக் கண்டுபிடித்து அடுத்த முறையிலிருந்து அதைப் பின்பற்றுவோம்.

அப்படித் தேடியபோதுதான் எங்கள் மிகப் பெரிய தவறைக் கண்டுபிடித்தேன்.

பாத்ஃபைண்டரில் உயிர்ப்புள்ளி பூஜ்யத்துக்கு வந்தால் உடனே சாவதில்லை. 'உயிர் ஊசல் 1' என்று நாங்கள் பெயர் வைத்திருந்த நிலை வரும். கிரிட்டிக்கல் அடியில் விழுந்தால் 2. உங்கள் முறை வரும்போதெல்லாம் பகடை உருட்ட வேண்டும். பத்தோடு உங்கள் ஊசல் எண்ணைக் கூட்டினால் வருவதை எட்ட வேண்டும். எட்டினால் ஊசல் குறையும், தவறினால் ஏறும். 4 ஆனால் முடிந்தது. இதெல்லாம் சரியாகத்தான் செய்துகொண்டிருந்தோம். ஆனால் விழுந்து எழுந்தவருக்கு 'காயம் 1' என்று இன்னொரு நிலை ஒட்டிக்கொள்ளும். அவர் மறுபடி விழுந்தால் அந்தக் காயத்தின் எண்ணையும் ஊசலோடு கூட்ட வேண்டும். அந்த வரியை முதல் நாளிலிருந்தே நாங்கள் கவனிக்கவில்லை. ஒரே சண்டையில் மூன்று முறை விழுந்து எழுந்து சிரித்துக்கொண்டிருந்தோம்.

வைத்தியம் என் பகுதி. ஆகவே சொல்ல வேண்டியதும் நான்தான். சொன்னேன். ஜிஎம் படித்துப் பார்த்துவிட்டு, முடிவை எங்களிடமே விட்டார். பழையபடியே ஆடலாம், யாருக்கும் நஷ்டமில்லை. பாடினியாக ஆடிய தோழிதான் முதலில் பேசினாள். "சரியா ஆடலாம். இல்லேன்னா எழுந்து நிக்கறதுக்கு என்ன அர்த்தம்?" எல்லாரும் தலையாட்டினோம்.

மூன்று வாரம் கழித்து, நாலாவது லெவலில், இடிந்த கோட்டை ஒன்றில் ஓகர் தலைவன் ஒருவனோடு சண்டை. அன்று காலை, கதைக்குள் காலை, ஒரு பொறியில் சிக்கிப் பாடினிக்குச் சின்னக் கீறல். பத்து நிமிடம் உட்கார்ந்து கட்டுப்போட்டிருந்தால் சரியாகியிருக்கும். எனக்குப் பொறுமை இல்லை. போர்க்கள வைத்தியம் என்று எனக்கு ஒரு திறமை உண்டு. ஒரே செயலில் ஆளைத் தேற்றிவிடலாம், ஆனால் அதே ஆளுக்கு மறுபடி செய்ய ஒரு நாள் ஆக வேண்டும். அதைப் பயன்படுத்திக் கீறலை ஆற்றினேன். "நடங்க, நடங்க" என்று சொன்னதும் நான்தான்.

சண்டையில் அவள் ஒரு முறை விழுந்தாள். மந்திரவாதி கடைசி மருந்துப் புட்டியை அவள் வாயில் ஊற்றி எழுப்பினார். காயம் 1. இரண்டு சுற்று கழித்து ஓகரின் ஆயுதம் அவள் மேல் மறுபடி இறங்கியது. ஜிஎம் எப்போதும் எல்லாருக்கும் தெரியும்படிதான் உருட்டுவார். கிரிட்டிக்கல். இரண்டோடு காயத்துக்கு ஒன்று. ஊசல் 3.

இதில் அழகான ஒரு விதி உண்டு. விழுந்தவருடைய முறை, அவரை வீழ்த்தியவனின் முறைக்குச் சற்று முன்னால் நகர்ந்துவிடும். அதாவது அவர் சாவா பிழைப்பா என்று உருட்டுவதற்கு முன்னால் தோழர்கள் ஒவ்வொருவருக்கும் ஒரு முறை கிடைக்கும். யாரோ ஒருவர் யோசித்து, நண்பர்களுக்கு ஒரு வாய்ப்பாவது தர வேண்டும் என்று எழுதி வைத்திருக்கிறார். வாள்வீரன் ஓகரைத் தன் பக்கம் இழுத்தார். மந்திரவாதியிடம் வைத்தியம் எதுவும் இல்லை. என் முறை. ஒரு செயலில் நடந்து அவளருகே போனேன். மீதி இரண்டு செயலில் முதலுதவி. பிழைக்க அவள் எட்ட வேண்டிய எண் 13, அதோடு 5 சேர்த்து நான் எட்ட வேண்டியது 18. என் வைத்திய எண் 7. பகடையில் 11 விழ வேண்டும். சரிபாதி வாய்ப்பு.

7 விழுந்தது.

அவளிடம் ஹீரோ பாயிண்ட் எதுவும் இல்லை. இருந்திருந்தால் அதைக் கொடுத்துச் சாவைத் தள்ளிப் போட்டிருக்கலாம். இருந்த ஒன்றை முந்தைய சுற்றில் ஒரு மந்திரத்திலிருந்து தப்பிக்கச் செலவழித்துவிட்டாள். ஜிஎம் பகடையைப் பார்க்கவில்லை, அவளைப் பார்த்தார். "இந்தக் காய விதி நமக்குத் தெரிந்து மூன்று வாரம்தான் ஆகிறது" என்றார். அதற்கு மேல் அவர் சொல்லவில்லை, ஆனால் என்ன கேட்கிறார் என்று எல்லாருக்கும் புரிந்தது.

"நாமதான் படிச்சு முடிவு பண்ணினோம்" என்றாள் அவள். "உருட்டறேன்."

தமிழில் ரூலுக்கும் தலையெழுத்துக்கும் ஒரே சொல்தான். அன்று வரை எனக்கு அது வெறும் சொல் ஒற்றுமையாகத்தான் தெரிந்தது. 9 விழுந்தது. யாரும் பேசவில்லை. வாள்வீரனாக ஆடியவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஒரு வருடம் எங்களோடு நடந்த ஒருத்தி, எங்கள் ஒவ்வொருவர் அடியிலும் ஒன்று கூட்டித் தந்த ஒருத்தி, இனி இல்லை. மீதிச் சண்டையை அவளுடைய பாட்டு இல்லாமல் ஆடினோம். ஒவ்வொரு உருட்டலிலும் அந்த ஒன்று குறைந்தது. ஒரே ஓர் எண் குறைந்து தவறிய வீச்சுகள் இரண்டு. அவள் அங்கே இல்லை என்பதை அந்த எண் எங்களுக்குச் சொல்லிக்கொண்டே இருந்தது.

ஜிஎம் அவளைக் காப்பாற்ற நினைத்திருந்தால் முடிந்திருக்கும். ஓகர் வேறு பக்கம் திரும்பினான் என்று ஒரு வரி போதும். அப்படிச் செய்திருந்தால், அதற்கு முன்னால் நாங்கள் வென்ற எல்லாவற்றையும் பற்றி எனக்குச் சந்தேகம் வந்திருக்கும். ட்ரோல் உண்மையிலேயே பயந்ததா, இல்லை பேச வராத ஒருவருக்காக அவர் விட்டுக்கொடுத்தாரா என்று. இப்போது அந்தச் சந்தேகம் எனக்கு இல்லை. 12 விழுந்தது, யோட்டன் எழுதியிருந்தது, 20-ஐ எட்டியது. அது என்னுடையது.

அமர்வு முடிந்து அவளிடம் காலைக் கீறலைப் பற்றிச் சொன்னேன். பத்து நிமிடம் உட்கார்ந்திருந்தால் அந்தத் திறமை என் கையில் இருந்திருக்கும் என்று. வார்த்தைகள் வழக்கம்போல மெதுவாகத்தான் வந்தன. அவள் முழுவதும் கேட்டாள், நடுவில் பேசவில்லை. "தெரியும்" என்றாள். "நானும் நடக்கலாம்னுதானே சொன்னேன்."

அடுத்த வாரம் புதிய கேரக்டரோடு வந்தாள். ஷீட்டில் மொழிக்கான கட்டம் மட்டும் காலியாக இருந்தது. என்ன எழுதலாம் என்று என்னிடம் கேட்டாள். இருவரும் பட்டியலை வைத்துக்கொண்டு அரை மணி நேரம் பேசினோம். நான்தான் அதிகம் பேசினேன்.

அன்றைய முதல் சண்டை சின்னது. நாலைந்து கோப்ளின்கள். முடிந்ததும் எல்லாரும் அடுத்த அறைக்கதவைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வாள்வீரனுக்கு மூன்று புள்ளிக் கீறல். என் ஷீட்டின் ஓரத்தில், யோட்டனுக்குப் பக்கத்தில், பென்சிலால் ஒரு வரி எழுதி வைத்திருந்தேன். அதைப் பார்த்தேன்.

"உட்காருங்கள்" என்றேன். "பத்து நிமிடம்."

உட்கார்ந்தார்கள்.